உரக்கிடங்கு என்றொரு பெயர்: எச்சில், எரு, எரிவாயு குறித்துச் சில குறிப்புகள்

1

எங்கள் ஊரில் நகராட்சிக் குப்பை கொட்டும் இடத்துக்கு ‘உரக்கிடங்கு’ என்று பெயர். பேருந்து நிறுத்தமும் அதே பெயரில்தான். நடத்துனர் “உரக்கிடங்கு எறங்கு” என்று கத்துவார். இறங்குகிறவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்பது பேருந்தில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குக் காத்திருப்போம். அங்கே உரம் எதுவும் இருந்து நான் பார்த்ததில்லை. புகை இருந்தது, பன்றிகள் இருந்தன, தகரம் பொறுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். குப்பைமேட்டுக்கு இப்படியொரு பெயரை எவன் வைத்தான் என்று அப்போது சிரித்ததுண்டு.

பிறகுதான் தெரிந்தது, அது கிண்டல் இல்லை, வரலாறு. தமிழ்நாட்டின் பல நகராட்சிகளில் இந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே உண்மையிலேயே உரம் தயாரானது. செயல் செத்துப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உணவுக் கழிவிலிருந்து எரிவாயு, அதன் கசடிலிருந்து உரம், அந்த உரத்தில் நகரத்துக் கூட்டுத் தோட்டம் என்று இன்று புதிய கண்டுபிடிப்பைப் போலப் பேசப்படுகிற விஷயத்தை இந்தச் செத்த பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் நண்பர்களோடு சேர்ந்து அப்படியொரு தோட்டத்தில் நானும் இருக்கிறேன். அங்கே நடந்த ஒன்றுதான் என்னை இந்தப் பழைய கதைக்குள் தள்ளியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கிக் கிளறி ஏறத்தாழ மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்தியருடன் சேர்ந்து 1931இல் அதை நூலாக்கினார். இன்று இயற்கை வேளாண்மையின் பிதாமகர்களில் ஒருவராக ஹோவர்ட் கொண்டாடப்படுகிறார். வாட்டின் பெயர் எங்கோ அடிக்குறிப்பில் கிடக்கிறது.

இந்தூர் முறை வயலுக்கானது. நகரத்துக்கு அதை மாற்றியவர் சி. என். ஆச்சார்யா. 1939இல் பெங்களூரில் அவர் வகுத்த முறையில் கிளறும் வேலை இல்லை. குழி வெட்டி, நகரக் குப்பை ஒரு அடுக்கு, மலம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்பி, மண்ணால் மூடிப் பல மாதங்கள் விட்டுவிட வேண்டும். காற்றில்லாமல் மெதுவாக மக்கும். 1940களில் போரும் பஞ்சமும் நெருக்கிய வேளையில் ‘அதிக உணவு விளைவிப்போம்’ என்ற அரசு இயக்கத்தோடு சேர்ந்து இந்த முறை நகராட்சிகளுக்குப் போனது. நம் ஊர்களின் உரக்கிடங்குகள் இந்தக் கால்வழியில் வந்தவை.

இந்த முறையை விளக்கும் பாடங்களை வாசித்துப் பாருங்கள். ‘மலம் பரப்பப்படுகிறது’, ‘குப்பை கொட்டப்படுகிறது’, ‘குழி மூடப்படுகிறது’. எல்லாம் செயப்பாட்டு வினை. எழுவாய் கிடையாது. தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. பரப்பியவர் யார்? வாளியையும் வண்டியையும் சுமந்து வந்தவர் யார்? இந்தியாவில் இந்த எழுவாய்க்குச் சாதிப் பெயர் உண்டு. அறிவியல் மொழியின் இலக்கண வசதி அந்தப் பெயரைத் துடைத்துத் தருகிறது.

3

எரிவாயுவின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. உலகின் முதல் சாண எரிவாயுக் கலன் 1859இல் பம்பாயில் ஒரு தொழுநோயாளர் விடுதியில் அமைந்தது என்று பல பாடநூல்களும் கட்டுரைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. ஆனால் அவை குறிக்கும் மாதுங்கா விடுதியே பம்பாய் நகராட்சி ஆணையர் அக்வொர்த்தின் முயற்சியில் 1890இல்தான் தோன்றியது. அங்கே கழிவுத் தொட்டியின் வாயுவைச் சேகரித்து விளக்கெரித்ததை 1897ஐ ஒட்டி வைப்பதே பொருந்தும். அதிலும் அது சாணம் இல்லை, மனிதக் கழிவு.

ஆண்டுப் பிழை கிடக்கட்டும். ஏறத்தாழ நாற்பது வருஷம் முன்னே தள்ளி ‘உலகின் முதல்’ என்று பெருமைப்பட்டவர்கள் யாரும் அந்த விடுதியில் இருந்தவர்கள் யார் என்று கேட்கவில்லை. கதியற்ற தொழுநோயாளிகளைத் தெருவில் பிடித்து விடுதியில் அடைக்க வழி செய்யும் சட்டம் 1898இல் வந்தது. நகரம் தன் பார்வையிலிருந்து விலக்கிய உடல்களின் கழிவிலிருந்துதான் நம் எரிவாயு வரலாறு வெளிச்சம் பெறுகிறது.

அதன் பிறகு கதை மாட்டுக்கு மாறியது. 1930களின் இறுதியில் எஸ். வி. தேசாய் தில்லியில் சாணத்தைக் கொண்டு சோதனை செய்தார். 1950களில் ஜஷ்பாய் படேல் ‘கிராமலட்சுமி’ என்ற மிதக்கும் மூடிக் கலனை வடிவமைத்தார். 1960களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைப் பரப்பியது. ‘கோபர் கேஸ்’ என்ற சொல் தமிழ்க் கிராமங்களுக்கு இப்படித்தான் வந்தது. ஆனால் குடும்பத்துக்கு அடுப்பெரிய நாலைந்து மாடு வேண்டும், கலன் கட்ட இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். மானியம் யார் வீட்டுக் கொல்லைக்குப் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதை உடைத்தது பூனாவில் ஆனந்த் கார்வேயின் குழு 2003ஐ ஒட்டிச் செய்த சிறிய கலன். சாணத்துக்குப் பதில் மிஞ்சிய சோறு, கெட்ட மாவு, அழுகிய பழம். காரணம் எளிமையானது. சாணம் என்பது மாடு ஏற்கெனவே செரித்து, எடுக்க வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு தள்ளியது. சோற்றில் அந்தச் சக்தி முழுசாக இருக்கிறது. மாவுச்சத்துள்ள கழிவு இரண்டு கிலோ ஒரே நாளில் தரும் மீத்தேனைப் பெற 40 கிலோ சாணமும் 40 நாளும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சோற்றில் இருக்கும் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் இந்த எண்ணைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும். ஆனாலும் திசை சரிதான். வாயுவாகப் போவது பெரும்பாலும் கரிமச் சத்து. தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கரைசலிலேயே தங்குகின்றன. அதனால்தான் ஒரே சோறு அடுப்புக்கும் ஆகிறது, செடிக்கும் ஆகிறது. மாடில்லாதவனுக்கும் நகரத்துக்கும் இது திறந்துவிட்ட வாசல் சாதாரணமானதல்ல.

ஆனால் இந்தக் கலனுக்கு ஒரு குணம் உண்டு. பிளாஸ்டிக் ஆகாது, எலும்பும் தேங்காய்ச் சிரட்டையும் ஆகாது, எலுமிச்சைத் தோலை அள்ளிப் போட்டால் புளித்துப்போய் வாயு நின்றுவிடும். அதாவது யாராவது ஒருவர் எச்சிலில் கைவிட்டுப் பிரித்தாக வேண்டும்.

4

எச்சம், எச்சில் இரண்டும் எஞ்சுதல் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இலக்கணத்தில் எச்சம் என்பது முடியாத வினை. தன்னை முடித்துவைக்க இன்னொரு சொல்லை எதிர்பார்த்து நிற்பது. எச்சிலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது வாய்நீரும், வாய்பட்டு மிஞ்சியதும். தொட்டால் தீட்டு. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் வேறு, இலை எடுக்கிறவர் வேறு என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலைநாட்டு நூல்கள் ‘கரிமக் கழிவு’ என்று சொல்வதை நம் வீட்டுச் சமையலறை அப்படிப் பார்ப்பதில்லை. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2000த்தின் விதிகள் சொல்லின, 2016இன் விதிகள் கட்டாயமாக்கின. நடந்ததா? சோம்பல் மட்டும் காரணமில்லை. பிரிப்பது என் வேலை இல்லை, அதற்கென்று ஆள் பிறந்திருக்கிறது என்ற நம்பிக்கைதான் அந்த வாளிக்குள் கிடக்கிறது.

மண்ணிலிருந்து எடுத்த சத்து நகரத்துக்குப் போய் மண்ணுக்குத் திரும்புவதில்லை என்பதை, லீபிக்கின் வேளாண் வேதியியலைப் படித்த மார்க்ஸ் 1867இலேயே எழுதினார். லண்டன் மக்களின் கழிவைப் பெருஞ்செலவில் தேம்ஸில் கலப்பதைத் தவிர முதலாளியத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்று ‘மூலதன’த்தின் மூன்றாம் தொகுதியில் கேலி செய்தார். இங்கே காந்தி எருவைக் கடமையாகவும் அறமாகவும் பேசினார். 1947 டிசம்பரில் மீராபென்னின் முயற்சியில் தில்லியில் எருவுக்கென்று அகில இந்திய மாநாடே கூடியது. இருவரும் சுழற்சியைப் பேசினார்கள். அம்பேத்கர் கேட்டது வேறு. இங்கே ஒருவர் துப்புரவாளர் ஆவது செய்யும் வேலையால் அல்ல, பிறப்பால் என்றார் அவர். இந்த வாக்கியத்தைச் சேர்க்காமல் இந்தியாவில் சுழற்சியைப் பற்றிப் பேசுகிற எந்தக் கோட்பாடும் அரைக்கோட்பாடுதான்.

மறுபக்க உதாரணம் ஒன்று உண்டு. கல்கத்தாவின் கிழக்கே தாபா என்ற பகுதியில் 1880ஐ ஒட்டிக் குப்பை நிலம் பயிருக்குக் குத்தகை விடப்பட்டது. நகரக் குப்பை மக்கிய மண்ணில், சாக்கடை நீர் பாய்ச்சிக் காய்கறி விளைந்தது. பக்கத்து ஏரிகளில் அதே நீரில் மீன் வளர்ந்தது. எந்தப் பொறியாளரும் வரைந்து கொடுத்த திட்டம் இல்லை, உழவரும் மீனவரும் கைப்பழக்கத்தில் கண்ட அறிவு. துருபஜ்யோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் அதைப் பாடம் கேட்டு எழுதினார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த ஈரநிலத்தைக் காக்க உத்தரவிட்டது. 2002இல் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கழிவைத் தொட்ட கையும் பயிர் வைத்த கையும் ஒன்றுக்கொன்று அருகிலாவது இருந்தன. ஆனால் நிலம் அவர்களுடையதல்ல. குத்தகைதான். குப்பையில் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஏற ஏற, நிலத்தின் விலையும் ஏற ஏற, அந்த அறிவு ஒதுங்க இடமில்லாமல் நிற்கிறது.

5

இப்போது எங்கள் தோட்டம். சென்னையில் ஒரு குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தோம். ஒரு கலன், இருபது பாத்தி, கத்திரி, வெண்டை, கீரை. வாயு பக்கத்து டீக்கடைக்கு, கரைசல் பாத்திக்கு. கணக்கு நோட்டு என் பொறுப்பு. வந்த கழிவு இத்தனை கிலோ, எரிந்த அடுப்பு இத்தனை மணிநேரம், விளைந்தது இத்தனை கிலோ என்று அழகாகக் கோடு போட்டு எழுதிவந்தேன். வாளிகளில் வருவதைப் பிரிக்க, ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை செய்யும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மாசம் ஏதோ கொடுத்தோம். காய் பறித்த அன்றைக்கு ஆளுக்கொரு கூறும் கொடுத்தோம்.

ஒருநாள் அவர்களில் மூத்தவர் நோட்டைக் காட்டி என்ன எழுதுறீங்க என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். “நாங்க ட்யூட்டி முடிச்சு வந்து ரெண்டு மணிநேரம் பிரிக்கிறோமே சார், அது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றார்.

எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆச்சார்யாவின் முறையை விளக்கிய பாடங்களில் எழுவாயைக் காணோம் என்று மேலே குறை சொன்னவன் நான். என் நோட்டும் அதே செயப்பாட்டு வினையில்தான் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் இதை வைத்தேன். கூலி என்று பேசினால் கூட்டுத் தோட்டத்தின் தன்மையே கெட்டுவிடும் என்றார் ஒரு தோழர். எல்லோரும் தன்னார்வமாகத்தானே செய்கிறோம் என்றார் இன்னொருவர். கலனுக்கு மேஸ்திரி கூலி கொடுத்தோமே, குழாய்க்காரருக்குக் கொடுத்தோமே என்றேன். பதில் இல்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு முடிவானவை இரண்டு. பிரிக்கிற மணிநேரத்துக்குத் தனிப் பத்தியும் அதற்கேற்ற கூலியும். வாளி தரும் வீடுகள் தங்கள் எச்சிலைத் தாங்களே பிரித்துத் தர வேண்டும், பிரிக்காத வாளியை வாங்குவதில்லை. பதினான்கு வீடுகள் நின்றுவிட்டன. வாயு குறைந்து டீக்கடைக்காரர் சடைத்துக்கொள்கிறார்.

பாத்தியில் பங்கு வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்ட மூன்றாவது விஷயம் இன்னும் முடிவாகவில்லை. இருபது பாத்தியில் நான்கைத் தங்களுக்கு எழுதித் தரச் சொல்கிறார்கள். தாபாவிலிருந்து நான் கற்றது சரியென்றால் அந்த மூன்றாவதுதான் முதலாவது. வரும் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் கூடுகிறோம். நோட்டை நான் கொண்டுபோகிறேன். இந்த முறை அதை அவர்கள் வாசிக்கட்டும்.