பன்றிப் பண்ணை எருவை நிர்வகிப்பது எப்படி?

பெங்களூரு: கர்நாடகத்தில் சோதிக்கப்பட்ட நிலத்தடி நீர் மாதிரிகளில் சுமார் 48 சதவீதத்தில் நைட்ரேட், அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்ததாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது. ரசாயன உரம், கழிவுநீர், கால்நடைக் கழிவு ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் சுமார் 90 லட்சம் மட்டுமே. எனினும், ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் பெங்களூரு சுற்றுவட்டாரக் கிராமங்களில், பூசப்படாத ஒரு கழிவுக்குழியே அருகிலுள்ள குடிநீரைக் கெடுக்கக்கூடும்.

எரு நிர்வாகம் தீவனத் தொட்டியிலேயே தொடங்குகிறது. பன்றி உட்கொள்ளும் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கழிவாக வெளியேறிவிடுகிறது. மக்காச்சோளம், சோயா, தவிடு ஆகியவற்றிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ‘பைட்டேட்’ வடிவில் இருக்கிறது. மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடும். பன்றியால் அவ்வளவாக இயலாது. தீவனத்தில் ‘பைட்டேஸ்’ நொதியைச் சேர்த்தால் அந்தப் பாஸ்பரஸ் உடலில் சேரும், எருவில் குறையும். புரதத்தைச் சற்றுக் குறைத்து லைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்ப்பது நைட்ரஜன் கழிவைக் குறைக்கும். கால்நடை ஊட்டச்சத்து ஆய்வுக்கென 1995-ல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் பெங்களூரு ஆடுகோடியில்தான் உள்ளது.

நகர உணவகங்களின் மிச்ச உணவைத் தீவனமாக்கும் பண்ணைகளில் இந்தக் கணக்கு எளிதல்ல. அதன் புரதமும் உப்பும் நாளுக்கு நாள் மாறும். மிகுதியான உப்பு எருவின் வழியே மண்ணையும் சேரும். 2020-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தவிர்க்க, அந்த உணவை நன்கு கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும்.

சாண எரிவாயுக் கலன் அமைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியல்ல. கலனில் மீத்தேனாக வெளியேறுவது கரிமப் பொருளே. நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறக்குறைய முழுமையாகக் கழிவுக் குழம்பில் தங்கிவிடுகின்றன. அதை ஏற்க நிலம் வேண்டும். திட எருவைத் தென்னை நார்க்கழிவு அல்லது வைக்கோலுடன் கலந்து மட்கச் செய்தால் நைட்ரஜன் இழப்பும் துர்நாற்றமும் குறையும்.

பயிரின் நைட்ரஜன் தேவையை மட்டும் கணக்கிட்டு எரு இட்டால், பாஸ்பரஸ் மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்து, மழைநீருடன் ஏரிகளுக்குச் செல்லும். எனவே மண் பரிசோதனைக்குப் பின், கனமழைக் காலத்தைத் தவிர்த்து இடுவதே முறை.

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பன்றிப் பண்ணைகளுக்கு 50 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ரூ.30 லட்சம் வரை, வழங்கப்படுகிறது. மானியத்துக்கு விண்ணப்பிப்போர் எத்தனை பன்றிகள் என்பதோடு, அவற்றின் எருவை ஏற்க எத்தனை ஏக்கர் நிலம் தேவை என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கிடுவது அவசியம்.