கொல்கத்தாவில் சிறுவர் நரம்பிசைக் கல்வியும் கோடை முகாமும்

வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய வில் கருவிகளையும் சிதார், சரோத் போன்ற மீட்டு கருவிகளையும் இளம் வயதிலேயே கற்றுத்தரும் மரபு கொல்கத்தாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது. தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச், தென்மேற்கே உள்ள பெஹாலா ஆகிய இரு பகுதிகளும் இதில் முக்கிய இடம் பெற்றவை. வாரந்தோறும் நடக்கும் வகுப்புக்குத் துணையாக, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளும் பெற்றோரும் சில நாட்கள் சேர்ந்து கற்கும் கோடை முகாம் இக்கல்வியில் உலகெங்கும் நிலைபெற்ற வடிவம். கருவியைக் கற்றுத்தருபவர் ஆசிரியர் என்றாலும், அதைப் பிள்ளையின் கையில் நிலைக்கச் செய்வது வீட்டில் அன்றாடம் நடக்கும் பயிற்சி. குடும்பத்தையும் முகாமுக்குள் அழைப்பதற்குக் காரணம் இதுவே.

பாலிகஞ்சின் இசைச் சூழல்

பாலிகஞ்ச் சன்னி பார்க்கில் இயங்கும் கல்கத்தா ஸ்கூல் ஆஃப் மியூசிக், 1915இல் ஃபிலிப் சாந்த்ரே என்னும் இசைக்கலைஞரால் தொடங்கப்பட்டது. பள்ளியின் அரங்குக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. மேற்கத்திய இசைக்காகத் தொடங்கிய இப்பள்ளியில் இந்திய இசையும் நடனமும் கற்பிக்கப்படுகின்றன. இங்கே பயிலும் பிள்ளைகள் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட இசைத் தேர்வு வாரியங்களின் படிநிலைத் தேர்வுகளை எழுதுவது நெடுநாள் வழக்கம்.

கருவி செய்யும் கைகளும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தன. கரியாஹாட் சந்திப்பைக் கடந்து செல்லும் ராஷ்பிகாரி அவென்யூவில் ஹிரேன் ராய், ஹேமேந்திர சந்திர சென் ஆகியோரின் பட்டறைகள் புகழ்பெற்று விளங்கின. நிகில் பானர்ஜி வாசித்த சிதார் ஹிரேன் ராய் செய்தது. அலி அக்பர் கானின் சரோதுகளை ஹேமேந்திர சந்திர சென் செய்து தந்தார். அதே சாலையிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. ஒரே தெருவில் மேற்கத்திய வயலினும் இந்துஸ்தானி சரோதும் கர்நாடக இசையும் காதில் விழும் சூழல் இந்தியாவில் வேறெங்கும் எளிதில் அமைவதில்லை.

வங்காளத்தில் வயலின்

சிறுவர் இலக்கியத்தின் முன்னோடியும் சத்யஜித் ராயின் பாட்டனாருமான உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி (1863–1915) வயலின் வாசித்தவர். கல்வி பெற்ற வங்காளிக் குடும்பங்களில் இக்கருவி இடம்பிடித்துவிட்டதை அவரிடம் காணலாம். பிற்காலத்தில் இந்துஸ்தானி வயலினுக்குக் கொல்கத்தா ஒரு தலைநகராயிற்று. வி. ஜி. ஜோக் (1922–2004) இந்நகரில் வாழ்ந்து பல மாணவர்களை உருவாக்கினார். அவரிடமும் அலி அக்பர் கானிடமும் பயின்ற சிசிர்கணா தர் சௌத்ரி, ரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

தமிழகத்தில் இக்கருவியின் வரலாறு இன்னும் பழையது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் இயற்றிய நோட்டுஸ்வர சாகித்யங்கள் இன்றும் குழந்தைகளின் தொடக்கப் பாடங்களில் இடம்பெறுகின்றன. தாகூரும் ஸ்காட்லாந்து மெட்டுகள் சிலவற்றுக்கு வங்காளிச் சொற்கள் தந்திருக்கிறார். ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டில் அவர் அமைத்த பாடலை வங்காளத்தில் அறியாதவர் இல்லை. அம்மெட்டு மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குவதால், வயலின் பிடிக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் எட்டக்கூடியது. வங்காளி, தமிழ், ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள் கலந்து உட்காரும் ஒரு குழுவுக்கு முதல் நாளே பொதுவாக ஒரு பாட்டு கிடைத்துவிடுகிறது.

பெஹாலாவும் காலிம்பொங்கும்

1880இல் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு, தன் பெஹாலா வளாகத்தில் ஏழைச் சிறுவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. அங்கே அருட்தந்தை தியடோர் மாத்திசன் அச்சிறுவர்களுக்கு நரம்புக் கருவிகளைக் கற்றுத்தந்தார். அவரிடம் செல்லோ கற்ற அனூப் குமார் பிஸ்வாஸ் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் பயின்று மேடைக் கலைஞரானார். தம் ஆசிரியரின் பெயரிலேயே 1994இல் அவர் கொல்கத்தாவில் மாத்திசன் மியூசிக் ஸ்கூலை நிறுவினார். வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருப்பிடம், உணவு, பள்ளிப் படிப்பு, இசை ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தருவது அதன் நோக்கம்.

மேற்கு வங்கத்தின் மலைப்பகுதியான காலிம்பொங்கில், இயேசு சபைத் துறவி எட்வர்ட் மெக்குவைர் 1993இல் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளியில் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் பாடத்தோடு வயலினும் கற்றார்கள். சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே. எம். மியூசிக் கன்சர்வேட்டரியின் சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ராவும் இதே வழியில் வந்தது. செல்லோ வசதி படைத்தவர் வீட்டுப் பொருள் என்ற எண்ணத்தை இந்நிறுவனங்கள் நடைமுறையில் பொய்யாக்கியிருக்கின்றன.

குடும்பத்தோடு கற்கும் முறை

குடும்பம் சேர்ந்து பங்குபெறும் நரம்பிசை முகாமுக்கு அடித்தளம் இட்டவர் ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998). நகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவரின் மகனான அவர், 1946 முதல் மத்சுமோதோ நகரில் சிறுவர்களுக்குக் கற்பித்தார். குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகுவதுபோல இசையையும் பழகும் என்பது அவர் கொள்கை. அவருடைய முறையில் ஆசிரியர், பிள்ளை, பெற்றோர் மூவருக்கும் பங்குண்டு. தாயோ தந்தையோ முதலில் கருவியைப் பிடிக்கக் கற்பார். பிள்ளை அதைப் பார்த்துத் தானாகக் கேட்டு வாங்கும். 1971இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஸ்டீவன்ஸ் பாயின்ட்டில் தொடங்கிய சுசுகி கோடைப் பயிலரங்குக்குக் குடும்பங்கள் விடுமுறையாகவே வந்து தங்கின. இன்று பல நாடுகளில் நடக்கும் முகாம்கள் இவ்வடிவத்தையே தழுவுகின்றன.

முகாமின் நாள் கருவிகளைச் சுதி சேர்ப்பதில் தொடங்கும். அடுத்து ஸ்வர வரிசைகள், தனிப்பாடம், வயலின் குழுவும் செல்லோ குழுவும் தனித்தனியே செய்யும் பயிற்சி, மதிய ஓய்வு, மாலையில் எல்லோரும் கூடும் வாத்தியக் குழு ஒத்திகை என்று நாள் நகரும். கடைசி நாள் கச்சேரி. பெற்றோர் வகுப்பின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்து, வில் எங்கே சாய்கிறது, எந்த விரல் தள்ளி விழுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனபின் ஆசிரியர் இல்லாத நாட்களில் அந்தக் குறிப்பே துணை. தனியாகச் சலித்துப் பயின்ற பிள்ளை, தன் வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரோடு ஒரே வீச்சில் வில்லை இழுக்கும்போது பெறும் உற்சாகத்தை எந்தத் தனி வகுப்பும் தர முடியாது.

கருவியும் அளவும்

முழு அளவு வயலினின் உடல் நீளம் சுமார் 35.5 செ.மீ. பிள்ளைகளுக்காக 1/16, 1/10, 1/8, 1/4, 1/2, 3/4 என்று சிறிய அளவுகள் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் 1/8 அல்லது அதைவிடச் சிறியது பொருந்தும். முழு அளவுக்கு மாறுவது பதினொன்று, பன்னிரண்டு வயதில். தோளில் கருவியை வைத்து இடக்கையை நீட்டினால், முழங்கை லேசாக மடிந்த நிலையில் விரல்கள் தலைச்சுருளைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். “வளர்ந்தபின் உதவும்” என்று பெரிய அளவை வாங்கித்தருவது பிள்ளையின் மணிக்கட்டையும் தோளையும் வருத்தி ஆர்வத்தையே கெடுத்துவிடும். வளர வளரக் கருவி மாறுவதால், பள்ளியிலோ மூத்த மாணவரிடமோ வாங்கித் திருப்பித் தருவது சிக்கனமான வழி.

மேற்கத்திய முறையில் தாடைக்கும் தோளுக்கும் இடையே வயலினைப் பிடித்து, தந்திகளை ஜி, டி, ஏ, இ என்று சேர்ப்பர். கர்நாடக முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைச்சுருளைக் காலில் ஊன்றி, ச–ப–ச–ப என்று சேர்ப்பர். சுருள் ஊன்றியிருப்பதால் இடக்கை தாராளமாக நகர்ந்து கமகம் பிடிக்கிறது. இரண்டையும் கற்கும் பிள்ளைக்கு முதலில் ஒரு பிடிமுறையை உறுதிப்படுத்திவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

கொல்கத்தாக் கோடையில் பராமரிப்பு

மேற்கு வங்கத்தில் கோடை விடுமுறை மே மாதத்தை ஒட்டி வருகிறது. ஜூன் நடுவில் பருவமழை நகரை எட்டும். இடைப்பட்ட நாட்களின் வெக்கையும் ஈரப்பதமும் மரக் கருவிகளுக்குக் கடும் சோதனை. பிருடைகள் ஊதி இறுகித் திருப்ப முடியாமல் போகும். பசை இளகி உடலின் ஓரத்தில் பிளவு காணும். வில்லின் குதிரைமுடி தொய்யும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பெட்டியைச் சற்று நேரம் மூடியே வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், வாசித்ததும் தந்தியில் படிந்த வேர்வையையும் ரோசின் பொடியையும் துடைக்க மெல்லிய துணி, வில்லைத் தளர்த்தி வைக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் போதும். வெயிலில் நிறுத்திய காரில் கருவியை விட்டுவிட்டு வருவது மட்டும் கூடவே கூடாது. சுதி சேர்ப்பதையும் துடைத்து வைப்பதையும் பிள்ளையே செய்யப் பழக்குவது முகாமின் பாடங்களில் ஒன்று.

முகாமுக்குப் பின்

முகாமின் பலன் அதன் கடைசிநாள் கச்சேரியில் தெரிந்துவிடாது. ஆசிரியர் தொடர்ந்து கிடைக்க வேண்டும். வயதுக்கேற்ற கருவி கைமாறி வர வேண்டும். வீட்டில் தினமும் இருபது நிமிடமாவது பிள்ளையோடு ஒருவர் உட்கார வேண்டும். மாத்திசனிடம் கற்ற சிறுவன் வளர்ந்து, தானும் ஒரு பள்ளி கட்டி அடுத்த தலைமுறைக்குச் செல்லோவைத் தந்தது இந்நகரில் நடந்த உண்மை. பாலிகஞ்சில் நூறாண்டுக்கு மேல் நீடிக்கும் பள்ளிக்கும் இத்தகைய தொடர்ச்சியே பலம். கோடையில் சில நாட்கள் கூடிக் கற்பது அந்தத் தொடர்ச்சிக்குள் ஒரு பிள்ளையையும் அதன் குடும்பத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது.