போரின் கணக்கில் வராத பெண்கள்

போர்ச் செய்தி எழுதுவோருக்கு எண்ணிக்கை ஒரு பழக்கம். மாண்டவர் எத்தனை பேர், காயமுற்றவர் எத்தனை பேர் என்று இரவு கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்வரை நானும் பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். போர் ஓய்ந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து வரும் சாவுகளை எவரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரித்தானியப் பெண்களின் சிகரெட் பழக்க வரலாற்றைப் படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியாவில் ஒரு பெண் பலர் காணப் புகைப்பது மானக்கேடாகக் கருதப்பட்டது. 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகளில் அவர்களது இடத்தைப் பெண்கள் நிரப்பினர். வெடிமருந்துச் சாலைக்குள் தீக்குச்சி கொண்டுசெல்வதே தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் வாயிலுக்கு வெளியே சொந்தச் சம்பளத்தில் வாங்கிய சிகரெட்டை அவர்கள் பற்றவைத்தனர்.

வணிகர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்தனர். 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயோர்க் நகர ஊர்வலத்தில் இளம் பெண்கள் சிலர் புகைத்தபடி நடந்தனர். தங்கள் கையிலிருந்த சிகரெட்டுகளை அவர்கள் விடுதலையின் தீப்பந்தங்கள் என்றனர். அந்தக் காட்சியை ஒரு சிகரெட் கம்பனிக்காக ஒழுங்குசெய்தவர் எட்வேர்ட் பேர்னேஸ் என்ற விளம்பர நிபுணர்.

இரண்டாம் உலகப்போரில் பழக்கம் பரவலாயிற்று. 1941 டிசம்பரில் மணமாகாத இளம் பெண்களையும் கட்டாய சேவைக்கு அழைக்கும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியது. சீனிக்கும் இறைச்சிக்கும் கூப்பன் இருந்தது; சிகரெட்டுக்கு இல்லை. குண்டுவீச்சு இரவுகளிலும் நீண்ட வேலை நேரங்களிலும் அதுவே எளிதில் கிடைத்த ஆறுதல். 1948இல் பிரித்தானியப் பெண்களில் 41 சதவீதத்தினர் புகைத்தனர்.

எதிரி நாடான ஜேர்மனியில் நிலைமை வேறு. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1939இலும் 1943இலும் அங்குள்ள ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருந்தனர். கர்ப்பிணிகளுக்கும் 25 வயதுக்குக் குறைந்த பெண்களுக்கும் பல இடங்களில் சிகரெட் கூப்பன் மறுக்கப்பட்டது. போர்வீரனுக்கோ அரசே சிகரெட் வழங்கியது. பெண்ணின் உடலை இனம் பெருக்கும் கருவியாகக் கண்ட ஆட்சியின் அக்கறை அது. ஓரிடத்தில் விடுதலையின் பெயரால் விற்றார்கள். மற்றோரிடத்தில் இனத்தின் பெயரால் தடுத்தார்கள். அவளது நலனை அவளுக்காகவே கருதியவர் இரு தரப்பிலும் அரிது.

றிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் ஆகியோர் லண்டன் மருத்துவமனைகளில் நடத்தி 1950இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், நுரையீரல் புற்றுநோயாளர் 709 பேருள் பெண்கள் 60 பேர் மட்டுமே. இது ஆண்களின் நோய் என்றே பலருக்குத் தோன்றியிருக்கும். காரணம் எளிது. ஆண்கள் முன்னரே புகைக்கத் தொடங்கியவர்கள். பெண்களுக்குரிய காலம் இன்னும் வரவில்லை. பின்னாளில் ஆண்களிடையே அந்நோயின் சாவுகள் குறையத் தொடங்கியபோது பெண்களிடையே அவை ஏறிக்கொண்டிருந்தன.

போர்க்காலத் தாய்மாருக்கு 1940ஆம் ஆண்டளவில் பிறந்த மகள்மாரே, வயதுவந்த காலம் முழுவதும் பெருந்தொகையாகப் புகைத்த முதற் பெண் தலைமுறையினர். சுமார் 13 இலட்சம் பிரித்தானியப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. விடாது புகைத்தவர்கள் குறைந்தது பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர். நாற்பது வயதுக்குமுன் கைவிட்டவர்களோ அந்த மேலதிக ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தவிர்த்துக்கொண்டனர்.

குண்டுவீச்சின் நடுவே சிகரெட் பற்றவைத்த பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அதன் விலையை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. போர் நினைவுத் தூண் எதிலும் அவளது பெயர் இல்லை. எங்கள் நாட்டுப் போர் 2009இல் முடிந்தது. அந்த ஆண்டுகளைத் தாங்கிக்கொள்ள எங்கள் பெண்கள் எதை நாடினார்கள், அது அவர்களது உடலை என்ன செய்தது என்று கேட்டு, நான் ஒரு செய்திகூட எழுதியதில்லை.