கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொழில் நடத்திவந்த ஜான் பார்சன்ஸின் காதில் ஒரு செய்தி விழுந்தது: இனி ஹெலிகாப்டர்தான் காலம். சொன்னவர் ஃபோர்டு விமானத் தயாரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட பில் ஸ்டவுட். பார்சன்ஸ் உடனே சிகோர்ஸ்கி நிறுவனத்துக்குப் போன் போட்டார். சுழலும் இறக்கைக்குள் வைக்கும் மரச்சட்டங்களைச் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. சட்டத்தின் வடிவம் இதுதான் என்று சிகோர்ஸ்கி கொடுத்ததோ வெறும் 17 புள்ளிகள். நடுவில் இருப்பதை வளைவு அட்டை வைத்து இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். பாழாய்க் கிடந்த ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலையில் வேலை ஜோராக நடந்தது, ஓர் இறக்கை உடையும்வரை.

சந்தேகம் சட்டங்களைப் பிணைத்த ஸ்பாட் வெல்டிங்கின் மேல் விழுந்தது. வெல்டிங் வேண்டாம், பசை போட்டு ஒட்டலாம் என்றார் பார்சன்ஸ். ஒட்டுவது என்று ஆனபின் மரம் எதற்கு, தகட்டிலேயே அடித்துவிடலாமே என்று ஆசை வளர்ந்தது. அதற்கு அந்த வளைவைத் துல்லியமாக உருக்கில் வெட்டியாக வேண்டும். யோசனை கேட்க ரைட் ஃபீல்டில் இருந்த ராணுவ ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பேசிய கொஞ்ச நேரத்தில், இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கிருந்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன் முடிவுகட்டினார். பார்சன்ஸுக்கும் அது புரிந்தது. மனிதர் முகம் சுளிக்கவில்லை. அந்த ஸ்டூலனையே கையோடு தன் கம்பெனிக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

ஸ்டூலனின் சகோதரர் வேலை பார்த்த இடத்தில் பஞ்ச் கார்டு இயந்திரங்களை வைத்துப் பொறியியல் கணக்குப் போட்டுவந்தார்கள். ஸ்டூலனும் அதைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பார்சன்ஸ் இரண்டு கேள்விகள் கேட்டார். 17 புள்ளிகளை 200 ஆக்க முடியுமா? ஒவ்வொரு புள்ளியையும் வெட்டுக்கருவியின் ஆரம் அளவுக்குத் தள்ளி வைக்க முடியுமா? கதையே இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. வெட்டுக்கருவி உருளை. அதன் மையத்தைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் பாதிக் கருவி உள்ளே இறங்கி உருவத்தையே தின்றுவிடும். ஆகவே உருவத்தைச் சுற்றி, எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில், இன்னொரு கோடு வேண்டும். ஸ்டூலன் எண்களைப் பட்டியலாக அடித்துக் கொடுத்தார். ஒருவர் எண்ணை உரக்க வாசித்தார். இருவர் ஆளுக்கொரு அச்சைத் திருகிக் கருவியை நகர்த்தினார்கள். வெட்டு சரியாக விழுந்தது. மூன்று மனிதர்கள் செய்ததை இயந்திரமே செய்தால்?

அந்த ஆசைக்கு விமானப்படை பணம் கொடுத்தது. வேலை மாசசூசெட்ஸின் எம்ஐடிக்குப் போனது, 1952இல் எண்களைப் படித்துத் தானே வெட்டும் மில்லிங் மெஷின் அங்கே ஓடியது. பார்சன்ஸ் அதற்குள் ஓரங்கட்டப்பட்டிருந்தார். (அவருக்கும் ஸ்டூலனுக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வந்தது 1985இல்.) இயந்திரம் தயார். அதற்குத் தீனி போட வளைவுகளைத்தான் காணோம்.

வளைவு பிரான்சிலிருந்து வந்தது, அதுவும் கார் கம்பெனிகளிலிருந்து. சிட்ரோயனில் பால் டி காஸ்டல்ஜோ 1959லேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ரகசியம் என்று பூட்டிவைத்தது. ரெனோவில் பியர் பெஸியே 1960களில் தனியாக அதே இடத்துக்கு வந்து ஊருக்குச் சொன்னார், பெயரும் அவருக்கே போனது. நான்கு புள்ளிகள் வைத்தால் ஒரு வழுவழுப்பான வளைவு. பார்சன்ஸின் வெளிக்கோட்டையும் இதே முறையில் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணிதம் அங்கே காலை வாரிவிட்டது.

வளைவின் ஒவ்வொரு இடத்திலும் செங்குத்தாக, சரியாக ஒரே தூரம் விலக வேண்டும். தூரம் என்றதும் பித்தாகரஸ் தேற்றம் வரும், கூடவே வர்க்கமூலமும் வரும். வர்க்கமூலம் நுழைந்த இடத்தில் பெஸியே வளைவு பெஸியே வளைவாக இருப்பதில்லை. மூன்றாம் படி வளைவுக்குச் சம தூரத்தில் போகும் கோடு பொதுவாகப் பத்தாம் படியில் போய் நிற்கிறது. 1984இல் டில்லர், ஹான்சன் இருவரும் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள்: வளைவை விட்டுவிட்டு, அதன் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இணைக்கும் நேர்கோடுகளைத் தள்ளி வை; பிழை அதிகமா, வளைவை இரண்டாக வெட்டி மறுபடி செய். கிட்டத்தட்ட சரி என்பதே போதும் என்றது அந்த வழி. அந்தச் சமரசத்தை எல்லோரும் ஏற்கவில்லை.

இதற்கிடையே ஜான் வார்னாக்கின் அடோபி 1987இல் இல்லஸ்ட்ரேட்டர் என்ற ஓவிய மென்பொருளை வெளியிட்டது. ரெனோ தொழிற்சாலையின் வளைவு ஓவியர்களின் மேஜைக்கு வந்து சேர்ந்தது, தீராத கணக்கையும் கூடவே இழுத்துக்கொண்டு. 1990இல் ஐபிஎம் ஆய்விதழில் ஃபரூகியும் சக்காலிஸும் தீர்வு ஒன்றைச் சொன்னார்கள். வர்க்கமூலத்துக்குள் வருவது எப்போதும் முழு வர்க்கமாகவே வரும்படி, 3, 4, 5 முக்கோணம்போல, வளைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வெளிக்கோடு பிசகில்லாமல் வரும்! அருமையான யோசனை. ஆனால் மயிலையோ மாங்காயையோ வரைகிற கை இந்த நிபந்தனைக்குக் கட்டுப்படுமா?

கட்டுப்படவில்லை. டில்லர், ஹான்சனின் குறுக்கு வழிதான் வென்றது. அதிலும் இரண்டு பள்ளங்கள். வெளிப்பக்கக் கூர்முனையில் தள்ளிவைத்த கோடுகள் எங்கோ தொலைவில் போய்ச் சந்தித்து ஈட்டி மாதிரி நீண்டன. உட்பக்கக் குறுகலில் கோடு தன்மேலேயே மடிந்து கண்ணி போட்டது. கண்ணியை அறுக்கும் கத்தி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பலகோணங்களை ஒன்றால் ஒன்றை வெட்ட பாலா வாட்டி என்பவர் 1992இல் ஒரு வழி எழுதியிருந்தார். பின்னாளில் ஆங்கஸ் ஜான்சனின் ‘கிளிப்பர்’ என்ற நிரல் அதை அடித்தளமாக்கிக்கொண்டு, மடிந்த கண்ணிகளைக் கழித்துச் சுத்தமான வெளிக்கோடு போட்டுக் கொடுத்தது.

அந்த வெளிக்கோடுதான் இன்று லேப்டாப் மூடியில் ஒட்டும் ஸ்டிக்கரின் வெள்ளை விளிம்பு. 3டி பிரிண்டர் இழுக்கும் சுவர். இல்லஸ்ட்ரேட்டரின் ‘ஆஃப்செட் பாத்’, இங்க்ஸ்கேப்பின் ‘அவுட்செட்’. படத்தைப் பெரிதாக்கினால் இது வராது. பூஜ்யத்தைப் பெரிதாக்கினால் நடுத்துளையும் பெரிதாகும். ஆஃப்செட் போட்டால் வெளிவிளிம்பு விரிய, துளை சுருங்கும். ஈட்டி முனைக்கும் ‘ஆஃப்செட் பாத்’ பெட்டியிலேயே கடிவாளம் உண்டு: ‘மைட்டர் லிமிட்’ 4. ஐந்துமுனை நட்சத்திரத்தின் 36 டிகிரி முனை அதில் தப்பிவிடும், 29 டிகிரிக்குக் குறைந்த கூர்மை மழுங்கிவிடும். ஓகே தட்டியதும் புதுக்கோட்டில் தேவைக்கு மேல் புள்ளிகள் முளைத்திருப்பதைக் கண்டு டிசைனர்கள் அலுத்துக்கொள்வார்கள். பிழை அதிகமானால் வெட்டிக்கொண்டே போகிற வழியின் பிள்ளைகள் அவை. ‘சிம்ப்ளிஃபை’ போட்டு அவற்றைக் குறைத்தால் கோடு கொஞ்சம் இடம் பெயரும். ஸ்டிக்கரை வெட்டும் பிளேடுக்கு அது தெரிவதில்லை.