வயதும் வழக்கும்

மைசூருக்குக் கிழக்கே உள்ள கொள்ளேகாலம் தாலுகா, 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை இராஜ்யத்தின் கோயமுத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்தது. அங்கே ஒரு சிறுவன் குற்றம் செய்தால் அவனுக்குரியது 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். மைசூர் நகரில் செய்தாலோ, சமஸ்தானம் 1943இல் இயற்றிய சட்டம். இரண்டுக்கும் பதிலாக 1964இல் ஒரே சட்டம் வந்தது.

இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றியது சென்னை மாகாணமே. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. அதற்கு முன் நிலைமை என்ன? 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 7 வயது நிரம்பாத குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. 7 முதல் 12 வரை, தன் செயலின் தன்மையை உணரும் அறிவு முதிர்ச்சி குழந்தைக்கு உண்டா என்று ஆராயச் சொன்னது. 12ஐத் தாண்டியவன், பொறுப்பைப் பொறுத்தமட்டில், வளர்ந்தவனே. 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. செங்கற்பட்டிலும் அத்தகைய பள்ளி எழுந்தது. ஆயினும் பல சிறுவர் பெரியவர்களோடு சிறையில் அடைபட்டு, தேர்ந்த திருடர்களாய் வெளிவந்தனர். கார்டியூ தலைமையில் 1919-20இல் ஆராய்ந்த சிறைக் கமிட்டி, சிறுவர்க்குத் தனி நீதிமன்றம் வேண்டுமென்றது. இச்சட்டங்களைப் பெற்றெடுத்தது கருணை என்பதைவிட அனுபவம் என்பதே பொருந்தும்.

பின்னர் 1986இல் நாடு முழுமைக்கும் ஏறக்குறைய ஒரே சட்டம் ஏற்பட்டது. அதில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என்றிருந்த எல்லை, 2000இல் இருபாலார்க்கும் 18 ஆயிற்று.

2012 டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த கொடுமையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றவாளிகளுள் ஒருவனுக்கு 18 நிரம்பச் சில மாதங்களே இருந்தன. அவனுக்குக் கிடைத்தது மூன்றாண்டுக் காவல். வயதைக் குறைக்கத் தேவையில்லை என்று நீதிபதி வர்மா கமிட்டி 2013 ஜனவரியிலேயே கூறியிருந்தும், மக்களின் சினம் தணியவில்லை. 2015 டிசம்பர் 20இல் அவன் விடுதலையானான். 22ஆம் தேதி இராஜ்ய சபை புதிய சட்டத்தை நிறைவேற்றியது.

16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் மீது, குறைந்தபட்சம் 7 ஆண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், சிறார் நீதி வாரியம் அவரது மனவலிமையையும் விளைவறியும் திறனையும் முதலில் மதிப்பிட வேண்டும். அதன் பிறகே வளர்ந்தவரைப் போல் விசாரிப்பது பற்றிய முடிவு. அப்போதும் தூக்குத் தண்டனை இல்லை. விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையும் இல்லை.

ஆக, 1860இல் ஏழு வயதுப் பிள்ளையிடம் கேட்ட கேள்வியை இன்று பதினாறு வயதினனிடம் கேட்கிறோம். முதிர்ச்சியை அளக்கும் கோல் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இது நுட்பமான பணி, இதற்கு நெறிமுறைகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2022இல் சொல்லியிருக்கிறது. வாரியத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரு சமூகப் பணியாளரும் இருப்பர். தமிழ் மட்டுமே அறிந்த பையனைக் கன்னடத்தில் விசாரிக்கும்போது, அவன் பேச்சும் தயக்கமும் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே அவர்களை அடைகின்றன. சொல்லைப் பெயர்க்கலாம், தயக்கத்தைப் பெயர்ப்பது எத்துணை அரிது என்பது இத்தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும்.

அதற்கும் முன்னே நிற்பது வயதுச் சான்று. பள்ளிச் சான்றிதழை முதலில் பார்க்கிறார்கள். அது இல்லையேல் நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லையேல் எலும்பைச் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனை. நம்மவரில் பலர் பிள்ளைகளின் சான்றிதழ்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அவசரத்தில் ஓராண்டு கூட்டி எழுதப்பட்ட பிறந்த தேதிதான் அப்போது முதல் சாட்சியாக வந்து நிற்கும்.