மாஞ்சோலையும் நம் ஆற்று நீரும்

கோடையிலும் தாமிரபரணி வற்றாதிருப்பதற்கு மலைக்காடுகளே காரணம். சோலைக்காட்டு மண் மழையை உறிஞ்சி, ஓடைகளில் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. மணிமுத்தாற்றின் மேற்புறத்தில் அத்தகைய மாஞ்சோலை மலையில் சுமார் 8,374 ஏக்கரை, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் பம்பாய் பர்மா நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. காட்டின் ஒரு பகுதி அழிந்து தேயிலைத் தோட்டம் எழுந்தது. அதில் தலைமுறைகளாக உழைத்தோர் ஏழைத் தொழிலாளர்கள். கூலி உயர்வு கோரி நெல்லையில் நடந்த பேரணியில் 1999 ஜூலை 23 அன்று 17 உயிர்கள் பலியாயின. 2024-இல் தோட்டப் பணியும் நின்றது.

காடு மீளவேண்டும் என்பது சரியே. ஆனால் தேயிலையைக் கைவிட்டால் மட்டும் சோலை திரும்பிவிடாது. களைகளை அகற்றி, அம்மலைக்குரிய மரக்கன்றுகளை நட்டு, பல்லாண்டு பேணவேண்டும். அப்பணிக்கு அம்மண்ணை அறிந்த தொழிலாளரை விடத் தகுதியானவர் யார்? வறட்சியில் நாம் அருந்தும் நீருக்காக அவர்களின் வாழ்வு வறண்டுவிடலாகாது.