அழுகை ஓய்ந்தால் துயர் ஓய்ந்ததா?

நல்ல காற்று, தூய நீர், சத்துள்ள உணவு ஆகிய மூன்றும் குழந்தையின் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அதுதான் தனக்கு உரியவர் என்று குழந்தை நம்பிப் பற்றிக்கொள்ளும் ஒருவரின் அன்பு. நம் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் அறிவியல் உலகம் இதனை ஏற்றுக்கொள்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரவேண்டியிருந்தது. அதற்கு முன்னர், அறிவியலின் பெயராலேயே இது மறுக்கப்பட்ட காலமும் உண்டு. அந்த மறுப்பு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதைக் காண்போம்.

கிருமி அச்சமும் கட்டுப்பாடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டர், காக் ஆகியோரின் ஆய்வுகள் நோய்க்குக் காரணம் நுண்கிருமிகளே என்று நிலைநாட்டின. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் போன்ற நோய்கள் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொன்றுக்குத் தாவிப் பலரைக் கொன்றுவந்த காலம் அது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அப்போது இல்லை. எனவே மேலைநாட்டு மருத்துவமனைகள் குழந்தைகளைத் தனித்தனியே பிரித்து வைத்தன. வெளியார் வருகையையும் தடுத்தன. இது பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘வெளியார்’ என்ற சொல்லில் குழந்தையின் தாயும் தந்தையும் அடங்கிவிட்டனர்.

உளவியலும் இதற்குத் துணைநின்றது. நடத்தை உளவியலின் முன்னோடியான அமெரிக்கர் ஜான் வாட்சன் 1928இல் குழந்தை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தைகளைக் கட்டியணைப்பதும் முத்தமிடுவதும் அவர்களைக் கெடுத்துவிடும் என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் அதில் அறிவுரை கூறினார். குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே. பால் யார் கொடுத்தாலும் ஒன்றுதான் என்பதே அக்காலத்தில் பலரும் கொண்டிருந்த கருத்து.

இரு இல்லங்கள்

இக்கருத்தின் மீது விழுந்த முதல் பெரிய அடிகளுள் ஒன்று, வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவரிடமிருந்து வந்தது. 1945இலும் 1946இலும் அவர் தம் ஆய்வினை வெளியிட்டார். அவர் ஒப்பிட்டவை இரண்டு இல்லங்கள். ஒன்று, சிறைப்பட்ட இளம் பெண்கள் தம் குழந்தைகளைத் தாமே வளர்த்த சிறைக் காப்பகம். மற்றொன்று, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். இரண்டாவது இல்லத்தில் உணவுக்கும் தூய்மைக்கும் மருத்துவ மேற்பார்வைக்கும் குறைவில்லை. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலியே இருந்தார். தொட்டில்களைச் சுற்றித் துணி தொங்கியதால் குழந்தைகள் பெரும்பாலும் கூரையையே பார்த்துக் கிடந்தன.

விளைவு என்ன? சிறைக் காப்பகத்தில் ஆய்வுக் காலத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. ஆதரவற்றோர் இல்லத்தில் 91 குழந்தைகளுள் 34 பேர் இரண்டாண்டுகளுக்குள் இறந்தனர். இவ்வாய்வில் குறைகள் உண்டு. அங்கே தட்டம்மை பரவியது. இரு இல்லத்துக் குழந்தைகளும் எல்லா வகையிலும் ஒத்தவர்களும் அல்லர். ஆகவே இதனை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது என்று அறிஞர்கள் வாதிட்டனர். எனினும், தூய்மை மட்டும் போதாது என்ற ஐயம் வலுத்துவிட்டது.

கடிகாரத்தின் சாட்சி

இக்காலத்தில் இலண்டனில் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர், தாயைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்துவந்தார். அவருடன் 1948இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் சேர்ந்தார். குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று திரும்புவதை உற்றுநோக்குவது அவர் பணி.

அந்நாளில் பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே குழந்தையைப் பார்க்கலாம். சில இடங்களில், குழந்தை உறங்கும்போது மட்டுமே எட்டிப் பார்க்கலாம். பெற்றோர் வந்தால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் சில நாட்களில் அமைதியாகிவிடுகிறது. ஆகவே வராமலிருப்பதே நல்லது என்று செவிலியரும் மருத்துவரும் உண்மையாகவே நம்பினர்.

ராபர்ட்சன் கண்டது வேறு. முதலில் குழந்தை கதறுகிறது, தாயைத் தேடுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கிறது. பிரிவு நீண்டால் மூன்றாவது நிலை வருகிறது. அப்போது குழந்தை உண்கிறது, விளையாடுகிறது, யாரைக் கண்டாலும் சிரிக்கிறது. ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மருத்துவமனை ‘தேறிவிட்டது’ என்று குறித்துக்கொண்டது இந்நிலையைத்தான்! வெப்பமானி வைக்காமல் காய்ச்சல் இல்லை என்று சொல்வது போன்ற தவறு இது. அழுகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு, அழுகை ஓய்ந்ததும் துயரும் ஓய்ந்ததாகத் தோன்றியது.

சொல்லிப் பார்த்தார், எவரும் நம்பவில்லை. எனவே ஒரு திரைப்படக் கருவியை வாங்கினார். படமெடுப்பதில் அவருக்குப் பயிற்சி கிடையாது. ஆனால் ஆய்வாளனுக்குரிய எச்சரிக்கை இருந்தது. மோசமான காட்சிகளைப் பொறுக்கி எடுத்தார் என்ற பழி வரக்கூடாதல்லவா? ஆகவே குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்க வந்த, இரண்டரை வயதும் நிரம்பாத ஒரு சிறுமியை முன்கூட்டித் தேர்ந்து, நாள்தோறும் குறித்த வேளைகளில் மட்டும் படமெடுத்தார். சுவர்க் கடிகாரம் காட்சியில் தெரியும்படியும் பார்த்துக்கொண்டார். அச்சிறுமி அதிகம் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொள்ள அவள் படும் பாடுதான் படம் முழுவதும் தெரிகிறது.

1952 நவம்பரில் இப்படம் இலண்டனில் மருத்துவர் சங்கம் ஒன்றில் திரையிடப்பட்டது. பலர் சினந்தனர், மருத்துவத் தொழிலையே இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டினர். ஆயினும் மாற்றம் மெல்லத் தொடங்கியது. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற மருத்துவர் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளுடன் தங்கச் செய்திருந்தார். ஆமர்ஷம் நகர மருத்துவமனையும் அவ்வழியைக் கைக்கொண்டது. அங்கு, தாயுடன் தங்கிய குழந்தையைப் பற்றிய இரண்டாவது படத்தை ராபர்ட்சன் 1958இல் வெளியிட்டார். அரசு அமைத்த பிளாட் குழு 1959இல் தன் அறிக்கையை அளித்தது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தையுடன் தாய் தங்கலாம் என்பன அதன் முக்கியப் பரிந்துரைகள். அவை நாடெங்கும் நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

கம்பித் தாயும் துணித் தாயும்

பாலுக்காகவே பாசம் என்ற கொள்கையை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹார்லோ. நம் நாட்டிலும் வாழும் ரீசஸ் இனக் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களிடம் விட்டார். ஒன்று வெறும் கம்பிக்கூடு. மற்றொன்று மெத்தென்ற துணி சுற்றியது. பால் கம்பித் தாயிடமே கிடைத்தபோதும், குட்டிகள் பசி தீர்ந்ததும் துணித் தாயிடம் ஓடின. நாளின் பெரும்பகுதி அதையே கட்டிக்கொண்டிருந்தன. அச்சமூட்டியபோதும் அதனிடமே தஞ்சம் புகுந்தன. 1958இல் இம்முடிவுகள் வெளிவந்தபின் பழைய கொள்கை ஆட்டம் கண்டது. அவ்விலங்குகள் பட்ட துன்பம் கொடியது என்ற கண்டனமும் இன்றுவரை நியாயமாகவே ஒலிக்கிறது.

தாய் ஒருவர் மட்டுமா?

ஒரு பிழை திருந்தும்போது மற்றொரு பிழை நுழைவதுண்டு. பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கை பெரும் புகழ் பெற்றது. அதனைப் படித்த பலர், தாய் ஒருகணமும் பிரியக்கூடாது, வேலைக்குச் செல்லும் தாய் குற்றவாளி என்று பொருள் கொண்டனர். மைக்கேல் ரட்டர் 1972இல் வெளியிட்ட நூலில் சான்றுகளை மீண்டும் சீர்தூக்கினார். குழந்தை ஒருவரிடம் மட்டுமன்றித் தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் எனப் பலரிடமும் பிணைப்புக் கொள்ளும்; பிரிவைவிட, எவரிடமும் பிணைப்பு உருவாகாமற்போவதே பெரிய தீங்கு என்று அவர் காட்டினார்.

பௌல்பியுடன் பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், 1950களில் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் குடும்பங்களை நேரில் கண்டு ஆராய்ந்தார். குழந்தையின் குறிப்பறிந்து உரிய வேளையில் உதவும் தாயின் குழந்தை, தாய் அருகிருந்தால் துணிந்து சுற்றிலும் ஆராய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. அன்பு குழந்தையைக் கோழையாக்கும் என்ற அச்சம் பொய்த்தது. ஆதரவு உள்ள இடத்திலேயே துணிவு பிறக்கிறது.

மீண்டும் தாயின் மார்பில்

இவ்வரலாற்றின் கடைசிப் பகுதி தென் அமெரிக்காவில் தொடங்குகிறது. கொலம்பியாவின் போகோட்டா நகரில் வெப்பக் காப்புப் பெட்டிகள் போதாமையால், 1978இல் எட்கர் ரேய் என்ற மருத்துவர், எடை குறைந்த பச்சிளங் குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகச் சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இதனைக் கங்காரு முறை என்பர். தாயின் உடல் வெப்பமே குழந்தைக்குக் காப்பாகிறது. தாய்ப்பாலும் எளிதில் கிடைக்கிறது.

உடல்நிலை சீரான பின்னரே இம்முறை ஏற்றது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியாயிற்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளுள், வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15.7 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். பிறந்தவுடனேயே தாயுடன் சேர்க்கப்பட்டவர்களில் இது 12.0 மட்டுமே. தொற்று ஏற்பட்டதாக ஐயுறப்பட்ட குழந்தைகளும் இரண்டாவது பிரிவில் குறைவு. கிருமிக்கு அஞ்சித் தாயை வெளியே நிறுத்திய காலத்தை எண்ணிப் பார்த்தால், இந்த எண்களின் பொருள் விளங்கும்.

இவ்வரலாறு குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. விடுதியில் புதிதாகச் சேர்ந்த மாணவன் சில நாட்களில் பேச்சடங்கிப் போனால் ‘பழகிவிட்டான்’ என்கிறோம். முதியவர் குறை சொல்வதை நிறுத்தினால் ‘நிம்மதியாக இருக்கிறார்’ என்கிறோம். அவ்வாறே இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு எவருமில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டதாகவும் இருக்கலாம். எது உண்மை என்பதை அருகிற் சென்று, குறித்த வேளையில் மீண்டும் மீண்டும் பார்த்துத்தான் அறியவேண்டும்.